சாம்பிள் அண்ணை

எதைச் செய்து தரச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "சாம்பிள் இருக்கோ?"

கதிரைக்குக் கால் உடைந்துவிட்டது என்றால் மிச்சம் உள்ள கால்களைக் காட்டச் சொல்லுவார். சாமிப் படம் வைக்க ஒரு சின்ன மாடம் வேண்டும் என்றால், யார் வீட்டில் இருப்பது போல என்று கேட்பார். "உங்களுக்கு வடிவாப் பட்டதைச் செய்யுங்கோவன் அண்ணை" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் மனிதருக்கு முகம் கறுத்துவிடும். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். லண்டன் ஸ்ட்ரெதத்தில் எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் சாம்பிள் அண்ணை. தாய் தகப்பன் வைத்த பெயரும் எனக்குத் தெரியும், ஆனால் அதை இங்கே எழுதப் போவதில்லை. தன்னைப் பற்றி நாலு பேர் கதைப்பது அவருக்கு அறவே பிடிக்காது. இவ்வளவு எழுதுவதே என்னுடைய துணிச்சல்தான்.

அவர் வேலை செய்தது ரயில் பாலத்துக்குக் கீழே இருந்த ஒரு பட்டறையில். பழைய மேசை கதிரைகளைத் திருத்திக் கொடுக்கிற இடம். முதலாளி ஒரு வயதான வெள்ளைக்காரர், காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பார். கோயில் விஷயமாக ஒரு செய்தி சொல்லப் போன என்னை அந்த மனிதர் சும்மா விடவில்லை. ஆறு கதிரைகளை வரிசையாக வைத்து, இவற்றில் ஒரே ஒரு காலைத்தான் உங்கள் ஆள் புதிதாகச் செய்தார், எது என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். நானும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. குனிந்து பார்த்தேன், தடவிப் பார்த்தேன், ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டும் பார்த்தேன். இருபத்துநாலு கால். கடைசியில் தோற்றுப்போய் நிமிர்ந்தபோது இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"எனக்கும் தெரியாது" என்று சிரித்தார் முதலாளி.

பக்கத்தில் நின்ற இவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "தெரியக்கூடாது தங்கச்சி. ஆரும் கண்டுபிடிச்சால் அது பிழையான வேலை."

இது என்ன பெருமை என்று எனக்கு விளங்கவில்லை. பாடுகிறவனுக்குப் பாட்டைக் கேட்க ஆள் வேண்டும், சமைக்கிறவளுக்குச் சாப்பிட்டுவிட்டு ஒரு சொல் சொல்ல ஆள் வேண்டும். நான் செய்தது எது என்று ஒருவருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று பாடுபடுகிற ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கும் ஒருமுறை அவருடைய கைவேலை கிடைத்தது. லண்டனுக்கு வந்து எத்தனையோ வருடம் பாக்கெட்டில் விற்கிற காய்ந்த தேங்காய்ப்பூவில் சமைத்துச் சலித்துப்போயிருந்தேன். ஊரில் உள்ளது போல, உட்கார்ந்து தேங்காய் துருவுகிற ஒரு திருவலை வேண்டும் என்று ஆசை. அவரிடம் கேட்டேன். வழக்கமான கேள்வி வந்தது. ஹவுன்ஸ்லோவில் என் சிநேகிதி ஒருத்தி இருந்தாள். மற்றவர்கள் நகைநட்டைச் சூட்கேசில் ஒளித்துக் கொண்டுவந்த காலத்தில் அவள் திருவலை கொண்டுவந்தவள். இரண்டு பஸ், ஒரு ரயில் மாறிப் போய் அதைக் கடன் வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன்.

ஒரே கிழமையில் செய்து தந்துவிட்டார். பார்க்க அச்சொட்டாக அதே திருவலை. ஆசையாக ஏறி உட்கார்ந்து தேங்காயை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். ஆடியது.

"அண்ணை, இது ஆடுதே?"

"ஓம். சாம்பிளும் ஆடினது."

"ஆடினால்?"

"அதிலை ஒரு காலிலை ரெண்டு நூல், கால் இஞ்சி, தேய்மானம் இருந்தது. அதையும் விடாமல் எடுத்தனான்." சொல்லும்போது கண்ணில் அவ்வளவு பெருமை.

"அதைத் திருத்திச் செய்திருக்க ஏலாதோ?"

"நீங்கள் இது மாதிரி எண்டுதானே தந்தனீங்கள்?"

எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. இனி இந்த மனிதரிடம் என்னத்தைச் சொல்வது? கோர்ன்பிளேக்ஸ் பெட்டியைக் கிழித்து மடித்துக் காலுக்குக் கீழே செருகிக்கொண்டேன். பல வருடம் அப்படித்தான் தேங்காய் துருவினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, பூசைக்கு முன் கோயில் மண்டபத்துக் குசினியில் இருவரும் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன். "ஊரிலையும் நீங்கள் இப்பிடித்தானோ?"

"இல்லை. அங்கை கை போன போக்கிலையும் செய்தனான். என்ரை வீட்டு யன்னல் ஒண்டு மாதிரி மற்றது இராது."

"அப்ப இஞ்சை வந்து என்ன நடந்தது?"

அவர் கிழங்கைச் சீவி முடித்துத் தண்ணீருக்குள் போட்டுவிட்டுத்தான் சொன்னார். இந்த நாட்டில் இருக்க விடுங்கள் என்று விண்ணப்பித்தபோது விசாரணையில் கேட்டார்களாம், உன் வீட்டில் எத்தனை யன்னல் என்று. முதல் தரம் ஆறு என்றிருக்கிறார். பல மாதம் கழித்து இரண்டாம் தரம் கேட்டபோது, குசினிப் புகை போக வைத்த சின்ன யன்னலும் ஞாபகம் வர, ஏழு என்றிருக்கிறார். அவ்வளவுதான். போனமுறை ஆறு, இந்தமுறை ஏழு, இதில் எது பொய் என்று பிடித்துக்கொண்டார்கள். அதைச் சரிப்படுத்தி முடிக்க இரண்டு வருடம் போயிற்றாம். அதுவரை பெண்சாதியையும் மகளையும் கூப்பிட முடியவில்லை.

"எல்லாம் என்ரை கையாலை செய்த யன்னல், தங்கச்சி. நானே பிழையாச் சொன்னன். அண்டைக்குத்தான் விளங்கினது, இஞ்சை ஒண்டை ஒருக்காச் செய்தால் அதே மாதிரித்தான் திருப்பிச் செய்யவேணும். கொஞ்சம் மாறினாலும் ஆளைச் சந்தேகப்படுவினம்."

நான் அதற்குப் பிறகு அவரைப் பகிடி பண்ணுவதைக் குறைத்துக்கொண்டேன். முற்றாக விடவில்லை, அது எனக்கு ஏலாத காரியம்.

எங்கள் கோயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயில் என்று நாங்கள் சொன்னது ஒரு பழைய சேர்ச் மண்டபத்தை. முருகன் விக்கிரகம் ஒன்று இருந்தது, ஐயர் ஒருவர் இருந்தார், மற்றதெல்லாம் வாடகை. என் கணவர்தான் செக்கிரட்டரி. ஒரு கடிதம் ஒழுங்காக எழுத வராத செக்கிரட்டரி. கடிதம், கவுன்சில் அனுமதி, அளவு, கணக்கு எல்லாம் என் தலையில். கோடைகாலத் திருவிழாவில் சுவாமியைத் தெருச் சுற்றிக் கொண்டுவர வாகனம் இல்லாமல், முதல் வருடம் ஒரு மடக்கு மேசையில் பட்டுத்துணி விரித்து, அதில் இருத்தித் தூக்கிக்கொண்டு போனோம். பஸ்ஸுக்கு நின்ற வெள்ளைக்காரர்கள், யாரோ சாப்பாட்டு மேசையோடு வீடு மாறுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் மேசையில் அடித்துச் சொன்னார், மயில் வாகனம் செய்தே தீர வேண்டும் என்று. கமிட்டியில் பாதிப்பேர் ஒரே ஊர். எங்கள் ஊர்க் கோயில் மயில் போல, தோகையை முழுக்க விரித்து நிற்கிற மயில். அச்சொட்டாக அதே வேண்டும். எல்லோரும் சாம்பிள் அண்ணையைத் திரும்பிப் பார்த்தோம்.

அவர் முகம் அன்று கறுக்கவில்லை. சாம்பிள் இருக்கிறது. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் என்றாலும் இருக்கிறதுதானே.

ஊர்க் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த என் பெரியப்பாவுக்கு எழுதினேன். சண்டைக்காலம். கடிதம் போய்ப் பதில் வர மூன்று மாதம் எடுத்தது. அங்கே படம் எடுக்கப் பிலிம் இல்லை, அளவு நாடா கூடக் கிடைக்கவில்லை. பெரியப்பா ஒரு நூலில் முடிச்சுப் போட்டு அனுப்பியிருந்தார். முதல் முடிச்சு வரை மயிலின் கால், இரண்டாம் முடிச்சு வரை நெஞ்சு, கடைசி முடிச்சு வரை தோகையின் அகலம் என்று ஒரு துண்டுக் கடுதாசியில் விளக்கம். அந்த நூலை என் கையிலிருந்து வாங்குவதற்குச் சாம்பிள் அண்ணை போய்க் கை கழுவிவிட்டு வந்தார். ஆட்களின் கலியாண அல்பங்களைத் தேடி, பின்னால் மயில் தெரிகிற படங்களையும் சேர்த்துக் கொடுத்தேன். எங்கள் கராஜ்தான் பட்டறை ஆயிற்று. கார் வெளியே மழையில் நின்றது.

வேலை தொடங்கிய நாட்களில் ஒருநாள் அவர் குசினி வாசலில் வந்து நின்று கேட்டார். "தங்கச்சி, மண்டபத்துக் கதவு காணுமோ, மயில் போக?"

நான் வடை பொரித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. "அது பெரிய கதவுதானே அண்ணை" என்றேன், திரும்பியும் பார்க்காமல்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். கோயில் கதவு என்றதும் என் கண்ணுக்குள் வந்தது எங்கள் ஊர்க் கோயில் வாசல். அதால் தேர்ச் சக்கரத்தையே உருட்டிக்கொண்டு போகலாம். அதை யார் அளப்பான்? ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் லண்டன் மண்டபத்துக்குச் சோற்று அண்டாவைக் கொண்டுபோகும்போது நான்தான் அதைச் சரித்து, ஒருக்களித்து, கதவுக்குப் பேச்சுக் கொடுத்துக் கொடுத்து உள்ளே எடுப்பேன். அந்தக் கதவு அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை. அவருக்கும் என் சொல் போதுமாக இருந்தது. கேட்டதை அப்படியே எடுத்துக்கொள்கிற மனிதர்.

ஒன்றரை வருடம், சனியும் ஞாயிறும் அவர் எங்கள் கராஜில் இருந்தார். இடையில் பெரியப்பாவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. ஷெல் விழுந்து வாகனசாலை எரிந்துவிட்டது, மயில் இப்போது இல்லை என்று எழுதியிருந்தார். நான் வாசிக்க அவர் நின்றபடி கேட்டார். நூலை எடுத்து, செய்து முடித்திருந்த தோகையை முதலிலிருந்து கடைசிவரை இன்னொரு தரம் அளந்தார். ஒரு இடத்திலும் மயிரிழை வித்தியாசம் கூட இல்லை.

திருவிழாவுக்கு ஆறு கிழமை இருக்க வெள்ளோட்டம் பார்ப்போம் என்று மயிலை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம். பச்சையும் நீலமும் தங்கமுமாக, விரித்த தோகையோடு அது நின்றதைப் பார்த்துத் தலைவர் கண் கலங்கினார். பெண்கள் குலவை இடாத குறை. எட்டுப் பேர் தூக்கினார்கள். கழுத்துப் போனது, நெஞ்சு போனது, தோகை கதவு நிலையில் இரண்டு பக்கமும் முட்டி நின்றது. பின்னுக்கு எடுத்துத் திரும்பவும் போனார்கள். திரும்பவும் முட்டியது. ஒவ்வொரு பக்கமும் ஒரு முழம் மிச்சம்.

"ஆனை போயிட்டுது, வால் போகேல்லை" என்று கூட்டத்தில் ஒருவன் சொல்ல, பின்னால் சிரித்தார்கள். வந்து நின்ற பஸ்ஸின் மேல்தட்டில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

சரித்துக் கிரித்து உள்ளே எடுக்கலாம் என்றார் ஒருவர். உள்ளே எடுத்து, பூசை செய்து, சுவாமியை ஏற்றிய பிறகு சுவாமியையுமா சரிப்பது என்று ஐயர் கேட்டார். வெளியே வைத்து ஏற்றலாம் என்றால் கதவைத் திறந்தால் நடைபாதை, நடைபாதையில் பஸ் தரிப்பு. கதவை இடிக்கலாம் என்றால் கட்டிடம் எங்களுடையது இல்லை.

பிறகு வழக்கம் போல ஆளைத் தேடினார்கள். "உந்த மனிசன் ஒரு தச்சுவேலைக்காரன். கதவை அளக்கத் தெரியாதோ?" என்றார் தலைவர், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒண்டரை வருசம் செய்தது வாசலாலை போகாட்டில் இதை என்ன காட்சிக்கோ வைக்கிறது?"

நான் அங்கேதான் நின்றேன். கையில் மோதகத் தட்டு. நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செக்கிரட்டரியின் பெண்சாதி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவள் என்ற பெயர் எனக்கு. அந்தப் பெயர் வாயை அடைத்துவிட்டது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்து, "ஓம், பிழை என்னிலைதான்" என்றார்.

தோகையை இரண்டு பக்கமும் மரம் அரிகிற வாளால் வெட்டி, பிணைச்சல் போட்டு மடக்குவது என்று முடிவாயிற்று. அடுத்த நாள் மாலை, மயில் திரும்பி வந்திருந்த எங்கள் கராஜுக்கு அவர் வாளோடு வந்தார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டே நின்றேன். மயிலுக்கு முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வாள் மடியில் கிடந்தது. நேரம் போனதே தவிர வெட்டுகிற சத்தம் கேட்கவில்லை. தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏலாமல் கிடக்கு, தங்கச்சி. அங்கையும் எரிஞ்சு போச்சு. இஞ்சையும் வெட்டிப்போட்டால் பிறகு அந்த மயில் எங்கை இருக்கிறது?"

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

"வேறை மயில் ஒண்டு செய்யவேணும். கதவாலை போறது." கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "வேறை சாம்பிள் எங்கையும் இருக்கோ?"

குற்ற உணர்ச்சி ஒரு பக்கம், ஆற்றாமை ஒரு பக்கம். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. "உயிரோடை ஒண்டு இருக்கு, வாங்கோ காட்டுறன்" என்றேன்.

மேற்கு லண்டனில் ஒரு பூங்காவில் மயில் விட்டிருக்கிறார்கள் என்று என் மகள் பள்ளிக்கூடத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஜூன் மாதம். லண்டன் மழைக்கு மாதம் தெரியுமா? குடையோடு நின்றோம். ஆண் மயில் ஒன்று செடிகளுக்குள்ளிருந்து வந்தது. நனைந்த தோகையை விரிக்க அதற்கு எண்ணமே இல்லை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற ஆள் போலத் தன்பாட்டில் நடந்தது. வேலியில் ஒரு கம்பி கழன்ற இடைவெளி இருந்தது. மயில் தலையை விட்டுப் பார்த்தது, உடம்பை எடுத்தது, பின்னால் அந்த நீளத் தோகை ஒன்றிலும் முட்டாமல், ஒரு இறகு கூட மாட்டாமல், இழுபட்டுப் போயிற்று. அந்தப் பக்கம் போன பிறகு கழுத்தைத் திருப்பித் தன் தோகையை ஒருமுறை பார்த்தது.

அவர் குடையைப் பிடித்திருந்த என் கையை இறுக்கிப் பிடித்தார். "பார்த்தனீங்களே? விரிக்கிறதை விட இது கஷ்டமான வேலை. இவ்வளவத்தையும் ஒரு இடத்திலையும் முட்டாமல் கொண்டு போகுது."

இரண்டு மணித்தியாலம் ஈர வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். நான் குளிரில் முணுமுணுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு பலகையில் பென்சிலால் கோடு போடத் தொடங்கினார். அவர் எதையும் பார்க்காமல் கோடு போட்டதை நான் கண்டது அன்றுதான் முதல் தரம். அதற்கு முந்திய நாள் மண்டபத்துக்குப் போய்க் கதவை மூன்று தரம் அளந்துவிட்டு வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

பட்டறை முதலாளி லீவும் கொடுத்து, ஒரு பள்ளிக்கூடத்து இரசாயன ஆய்வுகூடத்தை உடைத்தபோது வாங்கி வைத்திருந்த தேக்கு மேசைப் பலகையையும் கொடுத்தார். நல்ல மரம், ஆனால் காஸ் குழாய் பூட்டிய இடமெல்லாம் ஓட்டை. பழைய சாம்பிள் அண்ணை என்றால் அந்த ஓட்டையை மரத்துண்டால் அடைத்து, அடைத்த இடம் தெரியாமல் தேய்த்திருப்பார். இவர் அதை அடைக்கவில்லை. ஓட்டையைச் சுற்றி உளியால் வட்டம் வட்டமாக எடுத்து, தோகைக் கண் ஆக்கிவிட்டார். அதைப் பார்த்துவிட்டு, "இதை எங்கை பார்த்தனீங்கள்?" என்று கேட்டேன். "ஒரு இடமும் இல்லை" என்றார். பயந்த குரலில்தான் சொன்னார்.

ஐந்து கிழமையில் முடிந்தது. நிறமே பூசவில்லை, நேரமும் இல்லை, அவருக்கு மனமும் இல்லை. தலைவர் வந்து கராஜ் வாசலில் நின்று பார்த்தார். நடக்கிற மயில். தோகை பின்னால் நீளமாக மடிந்து கிடக்கிறது. கழுத்து அரைவாசி திரும்பியிருக்கிறது.

"மயில் எண்டால் விரிச்செல்லே நிக்கவேணும்? இது மழைக்கு நனைஞ்ச கோழி மாதிரிக் கிடக்கு. ஊரிலை எங்கையாவது இப்பிடி இருக்கோ?"

சாம்பிள் அண்ணையின் கை உளியைத் தேடியது. வாசல் நிலையில் சாய்ந்து நின்றார், முகத்தில் யன்னல் கேள்வி கேட்கப்பட்ட ஆளின் பயம். இதுவும் பிழை என்றால் அந்த மனிதர் தன் வாழ்நாளில் திரும்ப ஒரு கோடு சொந்தமாகப் போடமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

தலைவரோடு வந்திருந்த ஐயர் மயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "சுவாமி ஊர் பாக்கப் போறார். மயில் நடந்துதானே போகவேணும்? ஆடிக்கொண்டோ போறது?" என்றார். "எனக்கு இது காணும்."

ஐயருக்கு மேல் பேசத் தலைவருக்கு வாய் வரவில்லை.

திருவிழா அன்று மழை இல்லை. சுவாமியை ஏற்றி, மாலை சாத்தி, எட்டுப் பேர் தோளில் தூக்கினார்கள். அவர் தூக்குகிறவர்களோடு நிற்கவில்லை. கதவு நிலையில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார், முட்டினால் கையில் முட்டட்டும் என்று. மேளம் கூட நின்றுவிட்டது. தலை போனது. சுவாமி போனார். தோகை அவருடைய கைக்கும் தனக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் விட்டு, நீளமாக, மெதுவாகப் போய் முடிந்தது. தெருவில் ஏறியதும் மயில் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தபடி போனது. அரோகரா என்று எல்லோரும் கத்தியபோது என்னால் கத்த முடியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். தலைவரும்தான் அழுதார், பிறகு தூசு விழுந்தது என்றார்.

அதற்குப் பிறகும் அவர் பட்டறையில் கதிரைக் கால் செய்துகொண்டுதான் இருந்தார். சோறு போடுகிற வேலை அது. ஆனால் சனி ஞாயிறில் வேறு ஆள். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா கதிரையிலிருந்து எழும்பக் கஷ்டப்படுவதைப் பார்த்துவிட்டு, கைப்பிடி முன்னால் நீண்டு வளைந்த ஒரு கதிரை செய்து கொடுத்தார். அப்படி ஒரு கதிரை எந்தக் கடையிலும் இல்லை. ஒருநாள் எங்கள் வீட்டுக்கும் ஒரு சாமானைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். நான் கேட்கவில்லை. திருவலைதான், ஆனால் தரையில் உட்காரத் தேவையில்லாத திருவலை. குசினி மேசை விளிம்பில் கொளுவி, நின்றபடியே துருவலாம். அசைத்துப் பார்த்தேன். மலை போல நின்றது.

"இதுக்குச் சாம்பிள் ஆர் தந்தது?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"உங்கடை முழங்கால்" என்றார். "எழும்பேக்கை ஒவ்வொரு நாளும் முருகா எண்டு சொல்லுறியள். கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்."

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் மகளோடு கனடாவுக்குப் போய்விட்டார். அதற்கு முந்திய வருடம், வெம்பிளிப் பக்கம் புதிதாகக் கோயில் தொடங்கிய மூன்று பேர் எங்கள் கராஜுக்கு வந்தார்கள். விரித்த தோகை மயில் இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது, கார் இன்றைக்கும் மழையில்தான். நடக்கிற மயிலை அவர்கள் மண்டபத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கையில் கமரா, அளவு நாடா, எல்லா அளவும் எழுதிய கொப்பி.

"அச்சொட்டா அதே மாதிரி வேணும் அண்ணை. கழுத்துத் திரும்பினது, அந்த ஓட்டைக் கண், எல்லாம் அப்பிடியே."

அவருடைய மயில் சாம்பிள் ஆகிவிட்டது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் கொப்பியை வாங்கவில்லை.

"உங்கடை கதவு எவ்வளவு அகலம்?"

"அது பெரிய கதவுதான் அண்ணை" என்றார் ஒருவர், யோசிக்காமல்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. அதே வார்த்தை, அதே வேகம்.

"வாற ஞாயிறு வந்து பாக்கிறன்" என்றார் அவர். "கதவையும் பார்த்து, தெருவையும் பார்த்துப்போட்டுத்தான் உங்கடை மயில் என்ன செய்யும் எண்டு சொல்லலாம்." அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள்.

இனியும் பொறுக்க எனக்கு முடியவில்லை. "அண்ணை, அண்டைக்குக் கதவு பெரிசு எண்டு சொன்னது நான். எல்லாரும் உங்களைப் பேசேக்கை நான் வாயைத் திறக்காமல் நிண்டனான்."

"தெரியும்தானே. எனக்குத்தானே சொன்னனீங்கள்." அவர் ஒரு துணியை எடுத்து விரித்த மயிலின் தோகையில் இருந்த தூசியைத் துடைக்கத் தொடங்கினார்.

"பிறகு ஏன் நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? எனக்கு எத்தினை வருசமா நெஞ்சுக்கை கிடந்து குத்துது."

"சரி, நீங்கள் அண்டைக்குச் சரியா அளந்து சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?"

"மயில் கதவாலை போயிருக்கும்."

"ஓம். இதையே கொஞ்சம் சின்னனாச் செய்திருப்பன். செய்து குடுத்துப்போட்டு, திருப்பியும் போய்க் கதிரைக்குக் கால் செய்துகொண்டு இருந்திருப்பன்."

சொல்லிவிட்டு, துணியை வெளியே கொண்டுபோய் உதறி, நாலாக மடித்து என் கையில் தந்தார்.